எந்தக் கைக்கு இந்தக் கத்தி?

மார்க்கெட் பின்சந்தில் சாணை பிடிக்கிறவரைப் பற்றி ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. அவர் தீட்டிய கத்தி, கொண்டுபோய்க் கொடுத்தவர் கைக்கு மட்டும்தான் வெட்டுமாம். வேறு யார் எடுத்தாலும் கோணிக்கொண்டு போய்விடுமாம். கறிக்கடைக்காரர் இதைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"எனக்குத் தங்கமா வெட்டுது சார். என் மச்சான் எடுத்தான் பாருங்க, எலும்பைப் பாத்துப் போட்டான், அது அவன் செருப்பைப் பாத்துப் போச்சு."

நான் இதை நம்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த கடையில் கேக் விற்கும் அம்மாள் கெடுத்தார்.

"அவரு தலைகீழா சொல்றாரு. அந்த ஆள் தீட்டுனா ஊருக்கெல்லாம் வெட்டும், குடுத்தவங்களுக்கு மட்டும் வெட்டாது. என் கத்தி எனக்கு ஆகவே மாட்டேங்குது. வேலைக்கு இருக்கிற பொண்ணு எடுத்தா வெண்ணெய்ல போற மாதிரி வழுக்கிட்டுப் போகுது!"

ஒரே ஆள், ஒரே கல், நேரெதிரான இரண்டு புகார். ஏதோ ஒன்று புளுகாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, வீட்டுக் கத்தி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் காகிதம் கிழிந்து முனை எட்டிப் பார்க்கவும், எதிரே வந்த நண்பர் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

சாணைக்காரரின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே உள்ள முக்கோணம். உள்ளே நிமிர முடியாது. அதனால் கல்லும் மோட்டாரும் உள்ளே, அவர் பாதி வெளியே. சந்தில் அவருக்குப் பெயர் 'ஒருபக்கம்'. காரணம் அவர் கொள்கை. முன்பு அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தவர். அந்த அலகுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் கண்ணாடிபோலத் தட்டை. முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தபோது வேறெதையும் எடுத்து வரவில்லை, அந்தச் சரிவை மட்டும் தலைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டார். இப்போது சமையலறைக் கத்திக்கும் அதுதான் சட்டம்.

"ரெண்டு பக்கமும் சமமா தீட்டுன கத்தி, எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கப் பாக்கிற ஆள் மாதிரி சார். யாருக்கும் முழுசா உதவாது. ஒரு பக்கம் சரிவு விட்டுப் பாருங்க, மெல்லிசா அறுக்கும். ஆனா சரிவு வலது கைக்காரனுக்கு வலப்பக்கம் இருக்கணும், இடது கைக்காரனுக்கு இடப்பக்கம். மாறிச்சுன்னா கோணும்."

கறிக்கடை மர்மம் விலகியது. மச்சான் இடது கைக்காரனாக இருக்கவேண்டும். "என் கை எதுன்னு நீங்க கேக்கவே இல்லையே?" என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? வந்ததும் டீ குடுத்தேன்ல, எந்தக் கையில வாங்கினீங்க?"

என் வலது கையில் கண்ணாடித் தம்ளர் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சது. மனுஷன் பொய் சொல்லுவான், டீ சொல்லாது."

பக்கத்துப் பூட்டு ரிப்பேர்க்காரர் எனக்காகப் பரிந்து, "சார், ஒரு டீ வாங்கிக் குடுத்து உங்க ஜாதகத்தையே படிச்சிடுவாரு" என்றார். கேக் அம்மாளின் புகார் மட்டும் இன்னும் நெருடியது. அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் ஒரு பெண் ஏப்ரனோடு ஓடி வந்தாள். ஒருபக்கத்தின் மருமகள். ஓர் அலுவலக கேன்டீனில் காய் நறுக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் டிபன் டப்பா.

"மாமா, நீங்க தீட்டிக் குடுத்த கத்தி சாயுது. இங்க பாருங்க." டப்பாவில் வெள்ளரி வில்லைகள். ஒவ்வொன்றும் மேலே தடிமன், கீழே ஒன்றுமில்லை. "இன்னிக்கு மதிய சாலட் சரியா வரலைன்னா என்னைப் பாத்திரம் கழுவுற பக்கம் தள்ளிடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அங்க சம்பளம் பாதி மாமா."

"கத்தி சாயாதும்மா, கைதான் சாயும். முதல்ல மூச்சு வாங்கு. இந்தா டீ."

அவள் கத்தியையும் டப்பாவையும் பலகையில் வைத்துவிட்டு, பணிவாக வலது கையை நீட்டி வாங்கினாள்.

"பாத்தியா? வலது. கத்தியும் வலதுக்குத்தான் தீட்டியிருக்கு. எங்க, ஒரு தடவ என் முன்னால வெட்டிக் காட்டு."

அவள் தம்ளரைக் கீழே வைத்து, டப்பாவில் மிச்சமிருந்த பாதி வெள்ளரியை எடுத்தாள். கத்தியை இடது கையில் பிடித்தாள்.

ஒருபக்கம் அவள் இடது கையையும் டீத் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா... அப்ப டீயை எந்தக் கையில வாங்குன?"

"பெரியவங்க குடுத்தா இடது கையையா நீட்டுவாங்க மாமா?"

"எழுதுறது?"

"வலது. அடிச்சு மாத்திட்டாங்க. பரிமாறுறதும் வலது. கத்தி மட்டும்தான் யார் கண்ணுலயும் படல, அது அப்படியே நின்னுடுச்சு. அத்தை முன்னால காய் நறுக்க உக்காந்தா வலதுலதான் நறுக்குவேன்."

"என்ன ஒருபக்கம், டீ பொய் சொல்லிடுச்சா?" என்றார் பூட்டுக்காரர். தாம் யார் யாருக்கெல்லாம் டீ கொடுத்தோம் என்று யோசிப்பவர்போல இருந்தது ஒருபக்கத்தின் முகம்.

இப்போது என்ன செய்வது? சரிவை இடப்பக்கம் மாற்றவேண்டுமென்றால் பழைய விளிம்பை முழுக்கத் தேய்த்துப் புதிதாக ஆரம்பிக்கவேண்டும், மதியம் தாண்டிவிடும். இடப்பக்கமும் லேசாகச் சாணை காட்டிவிட்டால் வேலை உடனே முடியும். ஆனால் கத்தி இருபக்கக் கத்தியாகிவிடும். அவர் கொள்கை காற்றில் போய்விடும். போதாக்குறைக்கு மருமகள் இன்னொன்றும் சொன்னாள்: சாயங்கால ஷிப்டில் இதே கத்தியை எடுப்பது தக்காளி நறுக்கும் 'தக்காளி அக்கா', அவள் வலது கை.

"மாமா, ஏதாவது ஒண்ணு சீக்கிரம் பண்ணுங்க!"

அவர் கல்லைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், என்னை ஏனோ முறைத்தார். பிறகு குனிந்து இடப்பக்கத்தைக் கல்லில் காட்டினார். பொறி பறந்தது. கொஞ்சம் பழக்கம், கொஞ்சம் ஆத்திரம். தேவைக்கு அதிகமாகவே இரும்பு போயிற்று. வலப்பக்கம் முக்கால் சரிவு, இடப்பக்கம் கால் சரிவு. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "இதுக்குப் பேர் வேறயா!" என்றார்.

வெள்ளரி வில்லை ஏறக்குறைய நேராக விழுந்தது. அவள் ஓடிவிட்டாள். சூப்பர்வைசர் ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டு போனாராம். இன்றுவரை அவள் காய் நறுக்கும் பக்கம்தான் இருக்கிறாள். தக்காளி அக்காவோ, கத்தி முன்னைவிட மோசம் என்கிறாள்.

என் கத்தியையும் தீட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கேக் அம்மாளிடம் எந்தக் கையால் வெட்டுவீர்கள் என்று கேட்டேன். இடது. டீயை? "என்ன சார், மரியாதை தெரியாதவன்னு நினைச்சீங்களா?" ஆக, ஊரில் உலவிய இரண்டு புகாரும் உண்மை. ஒன்று பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வீட்டில் கத்தியைக் கொடுத்தேன். "எந்தக் கைக்குத் தீட்டினாரு?" என்றாள் மனைவி. என் கைக்கு என்றேன். "அப்ப நீங்களே வெட்டுங்க." இவள் எந்தக் கையால் வெட்டுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

ஒருபக்கம் இப்போது டீயோடு, வெட்டிக் காட்ட ஒரு வெள்ளரிக்காயும் நீட்டுகிறார். வந்தவர்கள் அதைக் கடித்துத் தின்றுவிடுகிறார்கள். தேய்த்துத் தீர்த்த இரும்புக்கு ஈடாக மருமகளுக்கு ஒரு கத்தி தருவதாக அன்றே வாக்குக் கொடுத்திருந்தார். வாங்கியும் விட்டார். கூர் வைக்காத அந்தப் புதுக் கத்தி மாடிப்படியின் அடியில் செருகியபடி இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் தீட்டினால், சாயங்காலம் அதையும் எடுக்கப்போகும் தக்காளி அக்கா விடமாட்டாள். இரண்டு பக்கமும் தீட்டினால் சந்தில் அவர் பெயரையே மாற்றவேண்டும்.

வேலைக்குப் போகும்போதெல்லாம் மருமகள் அங்கே எட்டிப் பார்க்கிறாள்.

"மாமா, என் கத்தி பாக்கி."

"இருக்கும்மா, இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்புகிறார். "சார், நீங்க சொல்லுங்க. ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

நான் டீயைக் கைமாற்றிப் பிடித்துக்கொள்கிறேன்.