முதல் வளைவுக்கு முதுகு காட்டியவர்

ஒஸ்லோவில் ஞாயிறு பின்னேரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு மண்டபம். பிறந்தநாள், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். எனக்கு அந்த நேரம் ஸ்பானியனுடைய நேரம். மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கிவிட்டால் நான் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கொண்டாட்டங்கள் எதுவும் குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை என்பது எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். பந்தயம் முடிந்து, மேடையில் சம்பேன் தெளித்து முடிந்த பிறகு ஆறுதலாக வெளிக்கிட்டாலும், மண்டபத்தில் அப்போதுதான் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்லும் ஸ்பானியன் உலகம் கொண்டாடிய சம்பியன் அல்ல. ஸ்பெயினில் சம்பியன்களுக்குப் பஞ்சமில்லை; அவர்களைக் கொண்டாட ஆட்களும் நிறைய இருக்கிறார்கள். எனக்கு இவனைத்தான் பிடித்தது. சின்ன வண்டிகளின் பிரிவில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழைநாள் பந்தயத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். இவன் மட்டும் ஈரச் சீமெந்துத் தரையில் சாரம் கட்டிக்கொண்டு நடக்கிற ஆள் மாதிரி, அவசரமில்லாமல், ஆனால் எவரையும் விட வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். வென்றான். அன்றைக்கே நான் அவனுடைய ஆள் ஆகிவிட்டேன்.

நான் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவன். வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பேன், மிச்சத்தைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். அவனுக்கு அப்படி எந்தத் தண்டவாளமும் இல்லை. முழங்கால் தரையில் உரச, முழங்கை தரையில் உரச, கன்னத்துக்கும் தார் றோட்டுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கத்தக்கதாக வளைவான். மற்றவர்கள் பிறேக்கைப் பிடித்த பிறகும் இவன் பிடிக்கமாட்டான். போச்சு, இனி முடிஞ்சுது என்று நான் தலையில் கைவைக்கும்போது பிடிப்பான். பின்சில்லு மேலே கிளம்பி ஆடும், முன்சில்லு தன் தடத்தை விட்டு விலகாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஒரு மனிதன் தன் தொழிலை இவ்வளவு அழகாகச் செய்யலாமா என்று பொறாமையாகக்கூட இருக்கும்.

நடுப்பிரிவுக்கு ஏறினான், பிறகு பெரிய வண்டிகளுக்கு வந்தான். நல்ல வண்டி அவனுக்குக் கிடைத்ததே இல்லை. பணக்காரக் குழு போன வருடம் ஓடிய வண்டியைத்தான் இவனுடைய குழு இந்த வருடம் ஓடும். ஆனாலும் ஒரு பேட்டியிலாவது வண்டியைக் குறை சொன்னதை நான் கேட்டதில்லை. விழுந்தால், சரளைக்குள் உருண்டு, எழும்பியவுடன் வண்டியிடம் ஓடுவான். தனக்கு எங்கே நொந்தது என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஒருமுறை தோள் எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்துக்கொண்டு அடுத்த பந்தயத்துக்கே வந்து நின்றான். எனக்குத் தடிமன், தும்மல் வந்தாலே லீவு போடுகிற பழக்கம் என்று மனைவி அன்றைக்கு ஞாபகப்படுத்தினாள்.

இந்தக் காலம் முழுக்க என் பக்கத்தில் சோபாவில் இருந்து பார்த்தவள் என் மகள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காலை மடக்கி வைத்துக்கொண்டு முறுக்குச் சாப்பிட்டபடி பார்ப்பாள். ரயர் எதற்கு மாற்றுகிறார்கள், மஞ்சள் கொடி ஏன் காட்டுகிறார்கள் என்று நான்தான் ஓயாமல் விளக்கம் சொல்வேன். அவள் அதிகம் கேட்கமாட்டாள். முறுக்குக்காகத்தான் வந்து இருக்கிறாள் என்று கனகாலம் நினைத்திருந்தேன்.

ஒருநாள் பந்தயம் தொடங்கப்போகும் நேரம் அவள் என் கையைத் தட்டினாள்.

“அப்பா, அந்த மனிசனைப் பாருங்கோ. ஸ்பானியன்ர அப்பா.”

வண்டி திருத்தும் கொட்டகைக்குள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடித்த ஒரு மனிதர் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரயர் அடுக்கியிருந்த பக்கம் பார்த்தபடி, ஏற்கனவே சுத்தமாக இருந்த ஒரு திருகுசாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது. அதுதான் புறப்படச் சைகை; வண்டிகள் ஒன்றாகச் சீறிக்கொண்டு முதல் வளைவுக்குப் போயின. எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு போகிற அந்த முதல் வளைவுதான் பொல்லாதது. அது கழிந்த பிறகுதான் அந்த மனிதர் திரும்பினார்.

“ஒவ்வொருமுறையும் உப்பிடித்தான் நிக்கிறவர். நீங்கள் கவனிக்கேல்லையோ?”

நான் கவனிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மனிதர் கண்ணில் பட்டதே இல்லை. வெட்கத்தை மறைக்கப் பகிடி விட்டேன். “மகன் புலி, தேப்பன் பூனை” என்றேன். மகள் சிரிக்கவில்லை. ஸ்பெயினில் தங்கள் ஊரில் வண்டி திருத்தும் கடை வைத்திருந்த அவர்தான் மகனை முதன்முதல் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இருத்தியவர் என்று வர்ணனையாளர் சொன்னார். இருத்தி விட்டுவிட்டு இப்போது பார்க்கப் பயப்படுகிறாரே என்று எனக்கு இன்னும் சிரிப்பாக இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் ஸ்பானியன், இந்தப் பந்தயப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மகளும் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தாள்.

“அப்பா, நான் லாப்பன் எடுத்திட்டன்.”

நோர்வேயில் ஓட்டும் அனுமதிப்பத்திரத்துக்கு அப்படித்தான் சொல்வது. கார் ஓட்ட அவள் எப்போதோ எடுத்துவிட்டாள்.

“எதுக்கு?”

“மோட்டார் சைக்கிளுக்கு. வண்டியும் வாங்கிட்டன். இப்ப சிநேகிதியின்ர கராஜிலை நிக்குது.”

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், உழைக்கிறவள், வயது வந்தவள். என்னிடம் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். றோட்டில் போகிற லொறிகளைப் பற்றி, பனியைப் பற்றி, பெண்பிள்ளை என்பதைப் பற்றிக்கூட வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னப்பா, உங்கட ஸ்பானியன் ஓடினா வீரம், உங்கட பிள்ளை ஓடினா விசரோ?”

எழும்பிப்போய் என் கோப்பையைக் கழுவினேன். ஒரு கோப்பையை அவ்வளவு நேரம் யாரும் கழுவியிருக்கமாட்டார்கள்.

மகள் பின்னால் வந்து நின்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். “அப்பா, நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னா நான் வித்திடுவன். ஆனா பிறகு பந்தயம் பாக்க என்னைக் கூப்பிடாதேங்கோ. ஆரோ பெத்த பிள்ளை ஓடுறதை உங்களோடை இருந்து பாக்க எனக்கு ஏலாது.”

அடுத்த ஞாயிறு, நான் இன்னும் முடிவு சொல்லாதபடியால், சோபாவில் அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஸ்பானியன் அன்றைக்கு அருமையாக ஓடினான். பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஆள் இல்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் பிள்ளை பத்திரமாக வீட்டில் இருப்பாள், ஆனால் இந்த இடம் இப்படியே கிடக்கும். வாரக்கணக்காக அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு ரயில் ஓட்டினேன்.

நவம்பரில் ஸ்பெயினிலேயே கடைசிப் பந்தயம். நான் தனியாக இருந்து பார்த்தேன். எங்கேயோ போக வெளிக்கிட்ட மகள், ஜக்கெற்றைப் போட்டபடி கதவு நிலையில் நின்றாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. வண்டிகள் வரிசையில் நின்றபோது கமரா கொட்டகைக்குள் போனது. ரயர் அடுக்குக்குப் பக்கத்தில் அந்த மனிதர் இல்லை. கமரா தேடியது. அவர் ஓடுபாதை ஓரத்து மதிலடியில் நின்றார், வலைக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதையைப் பார்த்தபடி.

“அப்பா, அவர் பாக்கிறார்” என்று கதவடியில் இருந்து குரல் வந்தது.

விளக்கு அணைந்தது. எல்லோரும் ஒன்றாக முதல் வளைவுக்குள் போய் விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மகனுடைய வண்டி வெளியே வரும்வரை அந்த மனிதர் கண்ணைச் சிமிட்டவில்லை. வந்ததும் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் சிரித்த பூனை! இத்தனை வருடமும் அந்த மனிதர் பயத்தோடுதான் மகனை விட்டிருக்கிறார், ஒருநாள்கூட மறிக்கவில்லை. ஸ்பானியன் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் வந்து முடித்தான். வென்றவர்கள்கூட வேகத்தைக் குறைத்து, அவனருகே வந்து கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

நான் திரையை விட்டுத் திரும்பாமல் சொன்னேன். “விக்காதை.”

கதவடியில் இருந்து ஒரு அடி உள்ளே வருவது கேட்டது.

“றோட்டிலை பொடிக்கல்லு கூட்டி முடிஞ்சாப் பிறகு வண்டியை எடு. அதுக்கு முதல் தொடக்கூடாது.”

“ஓம் அப்பா” என்றாள். ஜக்கெற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து தன்னுடைய இடத்தில் இருந்தாள்.

பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க இங்கே றோட்டெல்லாம் பொடிக்கல் தூவுவார்கள். பனி கரைந்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். காருக்கு ஒன்றும் செய்யாது, இரண்டு சில்லு வண்டியை வளைவில் வாரிவிடும். வசந்தத்தில் நகரசபை வண்டி வந்து பெரிய தெருக்களைக் கூட்டியது. நாங்கள் இருக்கிற ரொம்மன் பகுதியில், எங்கள் கட்டடத்தில் இருந்து இறங்குகிற வளைவுக்கு மட்டும் வரவில்லை. நான் தும்புத்தடியை எடுத்துக்கொண்டுபோய் நானே கூட்டினேன். நாயோடு வந்த நோர்வேஜியப் பக்கத்து வீட்டுக்காரர், நகரசபையில் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். ஓம், சம்பளம் இல்லாத வேலை என்றேன்.

அன்றைக்கு மகள் வண்டியை வாசலில் கொண்டுவந்து விட்டாள். மனைவி சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். “கல்லைக் கூட்டி முடிச்சிட்டு நிக்கிறன், நீ ஈரமாக்கிறாய்” என்று நான் சண்டைக்குப் போனேன். மகள் தேசிக்காயை நசித்து வண்டியை முன்னால் எடுத்ததும் கடதாசியால் சில்லை ஒற்றித் துடைத்தேன். தலைக்கவசத்துக்குள் இருந்து அவள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. கிளச்சை விட்டாள்.

நான் திரும்பிவிட்டேன். தபால் பெட்டிகள் வரிசையாக இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த பெயரை வாசித்தேன். சத்தம் வளைவுக்கு இறங்கியது, தணிந்தது, பிறகு நிமிர்ந்து எழும்பித் தூரமாகப் போனது. அதற்குப் பிறகுதான் திரும்பினேன். மனைவி என் தோளில் தட்டினாள்.

பின்னேரம் மகள் திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் சிவந்து, தலைமயிர் ஒட்டிப்போய், நான் பார்த்தேயிராத ஒரு சந்தோசத்தில் இருந்தாள்.

“கண்ணாடியிலை பாத்தனான் அப்பா. முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டனீங்கள்.”

“அந்த மனிசன் எப்ப பாத்தவர்? மகன் ஓட்டத்தை விடுற அண்டைக்குத்தானே. நீ விடுற அண்டைக்கு நானும் பாக்கிறன்.”

“அப்ப நான் கிழவியாகும் வரைக்கும் நீங்கள் உப்பிடியே நிக்கவேண்டியதுதான்.”

“நிக்கிறன்” என்றேன். எனக்கு வேண்டியதும் அதுதான்.