சாவி இல்லாமல் எரியும் விளக்கு

பைக்கில் மொபைல் சார்ஜர் மாட்ட இன்று கோவளத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

“சாவியை எடுத்தா சார்ஜரும் ஆஃப் ஆகணும்ணா. பேட்டரி பக்கத்துல ஒரு ஃப்யூஸ் போட்டுடுங்க” என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். “அதெல்லாம் இன்னாத்துக்கு அண்ணாத்த? நேரா பேட்டரில குட்த்துட்டா சாவி இல்லாங்காட்டியும் சார்ஜ் ஏறிகினே இருக்கும்.”

“ஹேண்டில் திரும்பி ஒயர் நசுங்கி பொறி பறந்தா? பக்கத்துலயே பெட்ரோல் டேங்க் இருக்கே?”

“இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல. வூடு எங்க?”

நாவலூர் என்று சொல்லி, அபார்ட்மென்ட் பெயரையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, அங்க பாதி வண்டிக்கு நான்தான் போட்டுக் குட்த்தேன்!”

சார்ஜர் மாட்டாமலே திரும்பிவிட்டேன்.

எங்கள் பேஸ்மென்ட்டில் பகலிலும் இருட்டுதான். ஒன்றையொன்று உரசிக்கொண்டு பைக்குகள் நிற்கின்றன. சாவிகளெல்லாம் மாடியில், அவரவர் வீட்டு ஆணியில். கீழே வரிசை நெடுக, சார்ஜர்களின் நீல விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

என் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டேன். வீட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? அது அந்த வரிசைக்கு நேர் மேலே, முதல் மாடி.

எங்கள் அபார்ட்மென்ட்வாசிகளே, லைக் வேண்டாம். கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் வண்டியில் எரிகிறதா என்று மட்டும் கமெண்ட்டில் சொல்லுங்கள்.