திருப்பிப் போட்ட தேற்றம்

கரும்பலகையை ஈரத்துணியால் தானே துடைப்பது தர்க்க ஆசிரியர் கோதண்டபாணியின் வழக்கம். அன்று பிரின்சிபாலும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இன்றும் பையன்களுக்குப் புரியாவிட்டால் கணித மாணவர்களுக்குத் தர்க்க வகுப்பு கிடையாது. கோதண்டபாணிக்கு வேலையும் கிடையாது. வடிவகணிதத்தில் பல தேற்றங்களை, முடிவை முதலிலும் முதலை முடிவிலும் வைத்துத் திருப்பிப் போட்டாலும் சரியாகவே வரும். அதனால் எதையும் அப்படித் திருப்பலாம் என்று நம்பினார்கள் பையன்கள்.

"தோல் பதனிடுற ஷாப்புல வெள்ளாட்டுத் தோலெல்லாம் மரப்பட்டைத் தண்ணித் தொட்டியில ஊறுது. அப்போ தொட்டியில ஊறுறதெல்லாம் வெள்ளாட்டுத் தோலா?" என்று கேட்டார் கோதண்டபாணி.

தோல் ஷாப்புகள் நிறைந்த ஆம்பூரிலிருந்து வரும் மாணவன் சுந்தரமூர்த்தி சிரித்தான். "இன்னா சார், செம்மறித் தோலும் அங்கதான ஊறுது."

"அப்போ தேற்றம்?"

"திருப்பிப் போட்டா, அதையும் தனியா நிரூபிக்கணும் சார்."

கோதண்டபாணிக்கு மூச்சு வந்தது.

"வகுப்பு நடக்கட்டும்," என்றார் பிரின்சிபால். "இதை இப்படி ஏன் நாலு வருஷமா சொல்லித் தரல, ஐயா?"

கோதண்டபாணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.