ஒரு பூஜ்யம் அதிகம்

அந்த வாரப் பத்திரிகை ஆபீசில் அவளைப் பட்டியல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ரெக்கார்டு கடைகளுக்குப் போன் போட்டு, எந்தப் பாட்டு எத்தனை விற்றது என்று கேட்டு, கூட்டி, முதல் ஐம்பதை வரிசையாக டைப் அடிப்பது அவள் வேலை. நாட்டின் ரசனையே அவள் மேஜையில்தான் முடிவாகிறது என்று ஆசிரியர் பெருமையாகச் சொல்வார். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் அது வெறும் கூட்டல் வேலையாகிவிடும்.

அவளுக்கு பாப்பும் ராக்கும் ஒன்றுதான். இரண்டிலும் தலை வலிக்கும். பதினோரு வருஷமாக ஒரு பாட்டையும் கேட்காமலே பட்டியல் போட்டாள். அந்த வருஷம் கேட்காமலிருந்ததற்கு அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஜனவரி முழுக்க முதலிடத்தில் ஒருவன் காதலி போய்விட்டாள் என்று அழுதான். பிப்ரவரியில் அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று அதே ஆள் அழுதான். அடுத்த ஆறு வாரம் நாய் குரைக்கும் பாட்டு.

ஏப்ரலில் அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கூட்டினாள். நாலு பையன்கள் சேர்ந்து பாடிய மழைக்கோட்டுப் பாட்டு ஒன்று 312 விற்றிருந்தது. அவள் 3120 என்று போட்டாள். நாற்பத்து மூன்றாம் இடத்தில் இருக்க வேண்டியது, குரைத்த நாயை விரட்டிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்தது.

பத்திரிகை கடைகளுக்கு வந்த பிறகுதான் தப்பைப் பார்த்தாள். நேரே ஆசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்போ தப்பே நடக்கல. போய் பல்லைப் பாருங்க."

முதலிடப் பாட்டு என்பதால் ரேடியோவில் மணிக்கொரு தரம் போட்டார்கள். ரேடியோவில் வருகிறதே என்று ஜனங்கள் வாங்கினார்கள். அடுத்த வாரம் அது நிஜமாகவே ஒன்பதாயிரம் விற்றது. எட்டு வாரம் அசையவில்லை. பத்திரிகையின் விமர்சகர் இரண்டு பக்கத்துக்கு எழுதினார்: ஒரு தலைமுறையின் ஈரம் அந்தப் பாட்டில் சொட்டுகிறதாம்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. நாத்தனார் அதைக் காலையிலேயே போட்டுவிடுவாள்.

"முதல் தடவை கேட்டப்பவே சொன்னேன் அண்ணி, இது மேல வரும்னு. இதுக்கெல்லாம் ஒரு காது வேணும்."

"ஆமாமா," என்று சொல்லிவிட்டுப் பட்டியல்காரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வருஷக் கடைசி. அந்த ஆண்டின் பாட்டு என்று அதற்குப் பரிசு. நாலு பையன்களும் பூங்கொத்தோடு ஆபீசுக்கு வந்தார்கள். "ஜனங்களோட மனசை நாங்க புரிஞ்சுகிட்டோம்," என்றான் பாடகன். ஆசிரியர் தலையாட்டினார். போட்டோ பிடித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு கிட்டார்க்காரன் மட்டும் திரும்பி அவள் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அந்த முதல் வாரம் நான் கடை கடையா ஏறி விசாரிச்சேன். எங்கயும் பத்துக்கு மேல போகல. மூவாயிரம் எப்படி வந்துச்சு?"

எட்டு மாசத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அவள் மறைக்கவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, முகம் வெளுத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"எங்க அடுத்த பாட்டு ஜனவரில வருது. நானே எழுதினது. உங்களுக்கு மறுபடியும் பல்வலி வர வாய்ப்பிருக்கா?"

"பிடுங்கியாச்சு தம்பி."

ஜனவரியில் அந்த ரெக்கார்டை அவளே கடைக்குப் போய் வாங்கினாள். நாத்தனார் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்துப் போட்டுக் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். எரிச்சலாக இருந்தது, பாட்டு நன்றாக இருந்தது. அவள் வாங்கியதையும் சேர்த்து அந்த வாரம் 290 விற்றது. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு நாற்பத்தைந்தாம் இடத்தில் டைப் அடித்தாள்.

வியாழக்கிழமை போன் வந்தது.

"நாற்பத்தஞ்சுதானா அக்கா?"

"நாற்பத்தஞ்சுதான்."



"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். ரெண்டாவது சரணம் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.