கவுன்ரரில் நின்ற பெண்

இந்த நாட்டில் பள்ளிக்கூடமே பிள்ளையின் கையில் ஒரு கதைப்புத்தகத்தைக் கொடுத்து, எங்கள் நீதிமன்றமும் பிழைவிடும், வாசித்துப் பார் என்று வீட்டுக்கு அனுப்புகிறது. இருபத்திரண்டு வருடம் ரொறன்ரோவில் இருந்தும் இது எனக்குப் பழகவில்லை. ஊரில் நாங்கள் படித்த காலத்தில் பாடப்புத்தகத்து அரசர்கள் எல்லோரும் நீதி தவறாதவர்கள். பள்ளிக்கூட வாசலில் ஆமிக்காரரின் காவலரண் இருந்தது வேறு கதை. என் மகள் ஆரணி பதினோராம் வகுப்பு. போன தை மாதம் அவள் கொண்டுவந்த நாவல் இளையோருக்கென்றே எழுதப்பட்டது. அதில் பதினாறு வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் செய்யாத களவுக்காக நீதிபதி முன் நிற்கிறான். சாப்பாட்டு மேசையில் இருந்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் போட்டு வாசித்தாள்.

அந்தக் கதையில் ஒரு சாட்சி வருகிறாள். இரண்டே இரண்டு பக்கம். கடைக் கவுன்ரரில் நிற்கிற பெண். இவன்தான் என்கிறாள், போய்விடுகிறாள். எழுதியவர் அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கதையில் வரும் யாராவது ஒருவரின் குரலில் கடிதம் எழுதவேண்டும் என்பது ஆரணிக்குக் கொடுத்த வீட்டுவேலை. வகுப்பில் எல்லோரும் அந்தப் பையனை எடுத்துக்கொண்டார்களாம். இவள் அந்தப் பெண்ணை எடுத்தாள். ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நின்ற என்னைக் கேட்டாள்.

"அம்மா, வை வுட் ஷீ டூ தட்? ஷுவர் இல்லாட்டி ஷுவர் இல்லையெண்டு சொல்லலாம்தானே?"

அந்தப் பெண் நான்தான்.

நான் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் உள்ள டொலர் கடையில் வேலை செய்கிறேன். அதற்கு முந்தின புரட்டாதியில் ஒரு பின்னேரம், கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்ற வயதானவர் ஒருவரை ஒரு பையன் தள்ளி விழுத்திவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துபோனது. நான் கண்ணாடிக்குள்ளால் கண்டேன். கண்டது ஒரு கறுப்பு ஹூடி, ஒரு பக்கக் கன்னம், பிறகு ஓட்டம். அவ்வளவுதான்.

சில நாள் கழித்துப் பொலிஸ் கூப்பிட்டது. ஒரு சின்ன அறை. அந்த அதிகாரி தண்ணீர் தந்தார். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டப்போவதாகவும், அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொன்னால் போதும் என்றும் சிரித்த முகத்தோடு சொன்னார். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சீருடைக்காரன் அதட்டினால்கூட ஒருமாதிரிச் சமாளிக்கலாம். தண்ணீர் தந்து மெல்லமாகக் கதைத்தால்தான் பயம். 'தெரியாது' என்று சொன்னதற்காக என் அப்பா எங்கள் முற்றத்தில் முழங்காலில் இருந்து ஆமியிடம் அடி வாங்கினார். அந்த அதிகாரி சொன்னதைச் சொன்னபடியே எடுக்க எனக்குத் தெரியவில்லை.

படங்கள் எல்லாம் கறுப்பினப் பிள்ளைகளுடையவை. எனக்கு ஒருவனுக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று இங்கே ஒரு வெள்ளைக்காரி சொன்னபோது நாள் முழுக்கப் பொருமிக்கொண்டு திரிந்தவள் நான். நாங்கள் எங்கள் வீடுகளுக்குள் அந்தச் சனத்தை என்ன சொல் சொல்லிக் கதைக்கிறோம் என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நாலாவது படம் எங்கேயோ கண்ட முகமாக இருந்தது. இவன் மாதிரி என்றேன். எவ்வளவு நிச்சயம் என்று கேட்டார். "யெஸ், சேர்" என்றேன். சோதனை பாஸ் பண்ணினவள் போல வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வைத்தேன்.

நான் காட்டிய பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள். பதினெட்டு வயது ஆகாதவன் என்பதால் அவன் பெயரை எழுத இங்குள்ள சட்டம் விடாது. பிள்ளை என்றே சொல்கிறேன்.

ஆரணி கேட்ட அன்று எனக்கு என் அண்ணாவின் நினைவு வந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் ஒருவன் சாக்கால் தலையை மூடிக்கொண்டு இருந்தான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை இழுத்து ஒரு பக்கம் விடுவார்கள். தலையாட்டி என்று சொல்வோம். அண்ணாவுக்கும் ஆட்டினான். நானும் அம்மாவும் முகாம் வாசலில் மாதக்கணக்காக நின்றோம். அண்ணா வரவேயில்லை. சாக்குக்குள் இருந்தவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று முப்பது வருடமாகத் திட்டி வந்திருக்கிறேன். அவனும் பயத்தில்தான் ஆட்டியிருப்பான் என்று அன்றுதான் முதல்முதலாக நினைத்தேன். அழுகை வந்தது. அவனுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதெண்டு சொல்லப் பயமா இருந்தது, பிள்ளை" என்று ஆரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடிதத்தை எழுதி முடித்தாள். எனக்குக் காட்டவில்லை.

அடுத்த கிழமை கடையில் படம் ஒட்டுகிற பிறிஸ்டல் மட்டைகளை அடுக்கும்போது, படத்தில் இருந்த முகத்தை எங்கே கண்டேன் என்பது பிடிபட்டது. பள்ளிக்கூட வேலைக்கு நீல மட்டை வாங்க வருகிற பிள்ளை அவன். ஒருமுறை மூலை மடிந்திருக்கிறது, மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, தாங்க் யூ சொல்லிப் போனவன். என் கடைக்கு வந்து போனதுதான் அவன் செய்த குற்றம்.

அன்றைக்கே நான் பொலிசுக்குப் போயிருக்க வேண்டும். வாக்குமூலத்தை மாற்றினால் என்னைத்தான் பிடித்து வைப்பார்கள் என்று கணவர் பயந்தார். நானும் பயந்தேன். வழக்கு நாள் வைகாசியில். அதுவரை வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை நாலு மாதம் அடைத்து வைத்துவிட்டு, பிறகு வீட்டைவிட்டு அசையக்கூடாது என்று பிணையில் விட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு போய்விட்டது. முதல் பிழை பயத்தில் நடந்தது. இரண்டாவதை நான் தெரிந்தே செய்தேன்.

நீதிமன்றத்தில் எனக்குப் பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நின்றார். கையெட்டும் தூரத்தில் சீருடையோடு ஒருவர் நின்றார். அன்று நீங்கள் கண்டது இவரைத்தானா என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "அண்டைக்கும் எனக்குத் தெரியாது."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பின்வரிசையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டார். பின்னால் இருந்து தள்ளப்பட்ட அந்த வயதானவர் முகத்தைக் காணவில்லை; என்னைத் தவிர அவர்களிடம் வேறு சாட்சியில்லை. மத்தியானத்துக்கு முன்னமே வழக்கைக் கைவிட்டார்கள். என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. நடைபாதையில் அந்தத் தாய் என் முன்னால் வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். இதை நீங்கள் புரட்டாதியிலேயே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். "ஐ ஆம் சொறி" என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. தமிழிலும் இருந்திராது.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அவர்களும் அங்கேதான் நின்றார்கள். ஒரே பஸ்ஸில் ஏறினோம். பிள்ளை யன்னலோரம் ஒரு தனி இருக்கையில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தான். தாய் அவனுக்குப் பின்னால். பஸ் நிறையச் சனம், அந்தத் தாய்க்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. முகாம் வாசலில் என் அம்மாவோடு நின்றவளுக்கு அந்த இடத்தில் இருக்க உரிமை உண்டு. இவன்தான் என்று சொன்னவள் அதில் எப்படிப் போய் இருப்பது? முக்கால் மணித்தியாலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். மூன்று பேரும் இறங்கியது ஒரே பஸ் தரிப்பிடத்தில்.