ஒசாகாவிலிருந்து ஒரு பகல்: பூனை ஸ்டேஷன் மாஸ்டரும் இரண்டு சம்பந்திகளும்

மட்டாஞ்சேரியில் என் வீட்டு வாசலில் காலை ஆறரை முதல் எட்டு வரை தோசை மாவு வாங்க ஆள் வந்துகொண்டே இருக்கும். ஜப்பானிலிருந்து திரும்பிய பிறகு மாவுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேச்சி, மூணு மாசம் பேரனைக் குளிப்பாட்டினதல்லாம வேற என்ன கண்டீங்க?"

பூனை ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் ரயில் நிலையத்தைக் கண்டேன். அதுவும் மகளும் மாப்பிள்ளையும் துணைக்கு வராமல், நானும் சம்பந்தியும் மட்டும் போய்க் கண்டோம். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் பேறுகாலத்துக்குப் பிள்ளைகளிடம் போக விசா வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும், உங்களில் அப்படிப் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அந்தப் படிப்பு இதற்குப் போதுமானதாக இருந்தது. எது போதவில்லை என்பதையும் சொல்கிறேன்.

போன சித்திரையில் என் மகள் செல்விக்கு ஒசாகாவில் ஆண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளையின் அம்மா கோமதி பாலக்காட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் சேர்ந்தே விமானம் ஏறினோம். தொண்ணூறு நாள் விசா. வீடு பதினோராவது மாடியில், தென்னோஜி என்ற பெரிய ஸ்டேஷனிலிருந்து நடந்து இருபது நிமிஷம்.

பயணத்துக்கான திட்டத்தை நான் மட்டாஞ்சேரியிலேயே போட்டுவிட்டேன். கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் போனில் வந்த ஒரு வீடியோவில்தான் அந்தப் பூனையை முதலில் பார்த்தேன். வாகாயாமா என்ற ஊரிலிருந்து கிஷி என்ற சின்ன ஊருக்கு ஒரு ரயில் போகிறது. ஆள் ஏறாமல் அதை நிறுத்துவதாக இருந்தார்களாம். ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் வளர்த்த பூனையை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கி, தொப்பியும் வைத்தார்களாம். அதைப் பார்க்க உலகமே வர, ரயில் பிழைத்துவிட்டதாம். நான் நம்பவில்லை. அதனால்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

செல்வியிடம் போனில் வண்டி நேரங்களைக் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். நான் எழுதியது கீழிருந்து மேலாக. எங்கள் பக்கத்துக்காரர்கள் காயலைத் தாண்டி எறணாகுளத்துக்குத் துணி எடுக்கப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, திரும்பி வரக் கடைசி போட் எத்தனை மணிக்கு என்பதைத்தான். அதை வைத்துத்தான் எப்போது கிளம்புவது, எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்வோம். ஒரு போட்டை விட்டாலும் அடுத்ததைப் பிடிக்கிற மாதிரி ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்வோம். அதே மாதிரி வீடு திரும்பும் நேரத்தை அடியில் எழுதி, அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே போனேன். ஜப்பானுக்கும் இந்த முறை பொருந்தும், தாராளமாகப் பின்பற்றலாம்.

போய்ச் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் செல்வி அனுமதி கொடுத்தாள். ஆனால் கண்டிஷன் போட்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேரும் வீட்டுல இருக்கணும். வழி தப்பிடுச்சு, வந்து கூட்டிட்டுப் போன்னு எங்களுக்குப் போன் வந்துச்சுன்னா அதோட சரி. பிறகு ஊருக்குப் போற வரைக்கும் நாங்க இல்லாம எங்கயும் விட மாட்டேன்."

மாப்பிள்ளைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அந்த ஒரு நாளும் அவர் தூங்கித் தீர்ப்பார். இன்னும் பத்து வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அதாவது, போன் செய்தால் பத்து வாரம் பால்கனிதான்.

காலை எட்டு இருபதுக்குக் கிளம்பினோம். டப்பாவில் தயிர்சாதம், எலுமிச்சைசாதம், நாரத்தங்காய். வாகாயாமா வரை ஆளுக்கு 870 யென், ஸ்டேஷன் கேட்டில் தட்டிவிட்டுப் போகிற கார்டிலேயே கழித்துக்கொள்ளும். (நாங்கள் போனபோது இருந்த விலை. இப்போது கூடியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.) தூரம் சுமார் அறுபது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம். 9.08 வண்டி பிளாட்ஃபாரத்துக்கு வரும்போது எல்லோரும் கோடு போட்ட இடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். நான் வரிசை நீளம் குறைவாக இருந்த முன்பக்கத்துக்கு நடந்தேன்.

சம்பந்தி அங்கேயே நின்றுவிட்டார். "சம்பந்தி, அந்த போர்டுல ரெண்டு ஊர் பேர் இருக்கு. ஒண்ணு முதல் நாலு பெட்டி, அஞ்சு முதல் எட்டுன்னு தனித்தனியா போட்டிருக்கு. நம்ம ஷொர்ணூர் ஸ்டேஷன்ல வண்டிய ரெண்டாப் பிரிச்சு வேற வேற ஊருக்கு அனுப்புவாங்களே, அந்த மாதிரி இருக்குமோ?"

"ஒரு வண்டி ஒரு ஊருக்குத்தான் போகும், சம்பந்தி. போட்ல முன்னால ஏறினா ஒரு கரை, பின்னால ஏறினா வேற கரையா?"

"போட் வேற, வண்டி வேற."

"டீச்சரா இருந்தா எல்லாத்துலயும் ஒரு சம்சயம்!" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து முன்பெட்டியில் ஏற்றிவிட்டேன்.

வண்டி நன்றாகத்தான் போனது. யாரும் போனில் பேசுவதில்லை. ஒரு பெரியவர் தூங்கித் தூங்கிச் சரிந்து, தன் ஸ்டேஷன் வந்ததும் அலாரம் வைத்த மாதிரி எழுந்து இறங்கினார். இது எப்படி முடிகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஹினேனோ என்ற ஸ்டேஷனில் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு புறப்பட்டதும் இரண்டு பக்கமும் வெறும் கடல். நீளமான பாலம்.

"பாருங்க சம்பந்தி, எங்க காயல் மேல இருக்கிற வெண்டுருத்திப் பாலம் போல! இதுக்காகவே வரலாம்," என்றேன்.

"காயல் இல்ல, இது கடலு," என்றார் சம்பந்தி. "வாகாயாமாவுக்குக் கடல் தாண்டணும்னு உங்க பேப்பர்ல இருக்கா?"

பேப்பரில் இல்லை. பெட்டியில் எல்லோர் கையிலும் பெரிய பெரிய சூட்கேஸ் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். 9.58க்கு வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்றது. பன்னிரண்டு நாள் முன்னால் எங்களைக் கூட்டிப் போக மாப்பிள்ளை வந்து நின்ற அதே இடம். விமான நிலையம்.

"நம்மள ஊருக்கே அனுப்பிட்டாங்களா?" என்றார் சம்பந்தி. சிரிக்காமல்தான் கேட்டார். உடனே போனை எடுத்தார். "மோனைக் கூப்பிடறேன்."

"கூப்பிடாதீங்க. கூப்பிட்டா பத்து வாரமும் போச்சு."

"பத்து வாரம் போனா போகட்டும். எனக்குப் பயமா இருக்கு."

அவர் விரல் மகன் பெயர் மேல் இருந்தது. "ஒரு ஆள்கிட்ட கேட்டுப் பார்ப்போம். ஒரே ஒரு ஆள். அவங்களுக்கும் தெரியலன்னா நீங்க கூப்பிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றேன். பேப்பரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சரி என்றார்.

டிக்கெட் காட்டும் கேட்டுக்கு வெளியே போகாமல், பக்கத்தில் ஜன்னல் வைத்த அறைக்குப் போனோம். (இதை மறக்காதீர்கள். தவறி வந்தால் கார்டைத் தட்டிவிட்டு வெளியே போகக் கூடாது, உள்ளேயே நின்று கேளுங்கள்.) யூனிஃபாரம் போட்ட ஒரு பெண் இருந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும். காலண்டர் தாளில் வாகாயாமா என்று மாப்பிள்ளை ஜப்பான் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்ததைச் சம்பந்தி காட்டினார். அவள் ஒரு காகிதம் எடுத்து எட்டுக் கட்டம் வரைந்தாள். நடுவில் ஒரு கோடு. முன் நாலு கட்டத்துக்கு மேலே விமானம், பின் நாலு கட்டத்துக்குக் கீழே வாகாயாமாவில் இருக்கிற கோட்டையின் படம். கட்டங்களைப் பிரிக்கும் நடுக்கோட்டில் பேனாவால் தட்டி, "ஹினேனோ," என்றாள்.

"ஷொர்ணூர்!" என்றார் சம்பந்தி என்னைப் பார்த்து.

"ஷொர்... நூர்?" என்று அந்தப் பெண் மிகவும் கவலையாகக் கேட்டாள். அப்படி ஒரு ஸ்டேஷனுக்கும் நாங்கள் போக வேண்டுமோ என்று நினைத்துவிட்டாள் பாவம். சம்பந்தி சிரிக்க ஆரம்பித்தார், நானும் சிரித்தேன், காரணம் தெரியாமல் அவளும் சிரித்தாள். கூடவே நடந்து வந்து, ஹினேனோ போகிற வண்டியில் ஏற்றிவிட்டுக் குனிந்து வணங்கினாள். அந்தச் சுற்றுக்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை.

வாகாயாமாவை அடைந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. கையில் வைத்திருந்த ஒரு மணி நேரம் அங்கேயே செலவாகிவிட்டது. கிஷி வண்டிக்கு அதே ஸ்டேஷனில் கடைசி பிளாட்ஃபாரம். நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செல்லும் சீட்டு வாங்கினோம், ஆளுக்கு 800 யென். ஒரு வழிக்கு 410 என்பதால் போய்வர இதுவே லாபம். இரண்டே பெட்டி. உள்ளே தரையும் இருக்கையும் மரம், சுவரெல்லாம் ஸ்ட்ராபெர்ரிப் படம். அரை மணி நேரம் வயலும் வீடுகளின் பின்பக்கமுமாகப் போகிறது. துணி காயப்போடுவதில் அவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. சாக்ஸுக்கு மட்டும் வட்டமாகத் தொங்கும் தனிக் கொக்கி. ஒன்று வாங்கி வந்தேன்.

கிஷி ஸ்டேஷன் கூரையே பூனை முகம், இரண்டு காது தூக்கி நிற்கிறது. உள்ளே கண்ணாடி அறையில் ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். வேலை நேரம் பத்து முதல் நாலு வரை, வாரத்தில் லீவு நாளும் உண்டு, அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் அவர் பிளாட்ஃபாரத்தில் நடந்து வண்டியை அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். மூன்று நிறப் பூனை, கால்களை மடக்கிச் சுருண்டு நல்ல தூக்கம்.

"ஆபீஸ் நேரத்துல தூக்கம். நம்ம ஊர்லயே இதைப் பார்த்திருக்கலாமே," என்றார் சம்பந்தி.

ஆனால் நாங்கள் போகவில்லை. இருபது நிமிஷம் நின்றோம். ஒரு முறை காதை மட்டும் அசைத்தது, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "ஆ" என்றார்கள், நாங்களும்தான். பிளாட்ஃபாரத்தில் ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. இதற்கு முன் வேலை பார்த்து இறந்துபோன பூனைக்குக் கட்டியதாம். சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "ஒரு ரயிலையே நிறுத்தாமக் காப்பாத்தியிருக்கே, கும்பிட்டா என்ன?" என்றார். அதுவும் சரிதான் என்று நானும் கும்பிட்டேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குப்பைத்தொட்டியைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஒரு கவர் எடுத்துப்போங்கள். கழிப்பறை சுத்தம், முழங்கால் வலிக்காரர்களுக்குப் பிடிக்கக் கம்பி உண்டு.

இரண்டு மணி சுமாருக்குத் திரும்பும் வண்டி. வாகாயாமாவில் மூன்று மணிக்கு ஏறினோம். ஹினேனோவில் எங்கள் வண்டி காத்திருக்க, விமான நிலையத்திலிருந்து நாலு பெட்டி மெதுவாக வந்து சேர்ந்து ஒட்டிக்கொண்டது. சம்பந்தி ஜன்னலோரம் எழுந்து நின்று அதைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4.35க்கு வீட்டுக் கதவைத் தட்டினோம். செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திறந்தாள்.

"வழி தப்பலையே?"

சம்பந்தி குனிந்து செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டே இருந்தார். கழற்றி முடித்த பிறகும் நிமிரவில்லை. என்ன சொல்ல வேண்டுமோ அதை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார் எனப் புரிந்தது. இல்லை என்று சொன்னால் பத்து வாரமும் எங்களுடையது. ஆனால் அந்தப் பொய்க்குச் சம்பந்தியையும் துணையாக நிற்க வைக்க வேண்டும். அன்று காலை அவர் சொன்னதைக் கேட்காமல் கையைப் பிடித்து இழுத்தவள் நான்.

"தப்பிப் போச்சு, மோளே. ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டோம். அத்தை முன்னாடியே சொன்னாங்க, நான்தான் கேக்கல."

செல்வி குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "பிறகு ஏன் என்னைக் கூப்பிடல?"

"கூப்பிட்டா இனி விட மாட்டேன்னு சொன்னியே."

அவள் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். "கால் உடைஞ்சிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டீங்க, ரெண்டு பேரும்," என்றாள். "நான் போட்ட கண்டிஷன் சரியில்ல. இனி வழி தப்பினா கூப்பிடணும். கூப்பிட்டாலும் அடுத்த வாரம் போகலாம்."

சம்பந்தி நிமிர்ந்தார். "அடுத்த வாரம் எங்க?" என்று கேட்டார்.

மிச்சமிருந்த வாரங்களில் ஆறு பயணம் போனோம். இரண்டு முறை வழி தப்பி இரண்டு முறையும் போன் செய்தோம். எல்லாத் திட்டத்தையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். நான் கீழிருந்து நேரம் எழுதுவேன், சம்பந்தி பெட்டி எண் எழுதுவார்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நடுநடுவே சொல்லிவிட்டேன். வாகாயாமாவுக்கு ஐந்து முதல் எட்டு வரையுள்ள பெட்டியில் ஏறுங்கள், சந்தேகமிருந்தால் ஏறும் முன்பே யாரிடமாவது ஊர்ப் பெயரைக் காட்டுங்கள், இவ்வளவுதான் பாக்கி. அனுப்புகிற பிள்ளைகளுக்கு ஒன்று. அம்மாவைத் தனியாக விடுவதென்றால், போன் செய்தால் தண்டனை என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வழி தப்பினாலும் நாங்கள் போன் செய்ய மாட்டோம்.