‘ரா’வுக்குப் பின்னால் ஒரு ‘ண்டி’

கேழ்வரகுக் கூழுக்குக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தின் காரம் மூக்கில் ஏறும்போதெல்லாம் கூடவே எனக்கு ஒரு சத்தமும் கேட்கும்: "ரா!" கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருந்த எங்கள் ஊரில், பெரிய வீட்டம்மா வரப்பில் நின்றுகொண்டு என் "நைனா"வை, அதாவது என் அப்பாவை, அப்படித்தான் கூப்பிடுவாள். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அதில் "ரா" என்றால் வா. மரியாதை வேண்டுமானால் பின்னால் ஒரு "ண்டி" ஒட்டி "ரண்டி" என்பார்கள். கோயில் ஐயர் வந்தால் "ரண்டி", மணியக்காரர் வந்தால் "ரண்டி ரண்டி", அவளைவிட எவ்வளவோ மூத்தவரான, அவள் நிலத்தையெல்லாம் உழுது கொடுத்த என் நைனா வந்தால் வெறும் "ரா". ஒரு "ண்டி" சொன்னால் அந்த அம்மாவின் பல் கொட்டிவிடுமோ என்னவோ.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், ஆனாலும் இந்த ஓர் எழுத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் வாய் ஓயாது. எங்கள் வீட்டுத் தமிழில் "ரா" என்றால் ராத்திரி. "ராவுல பாம்பு பேர சொல்லாத" என்று அம்மா அதட்டுவாளே, அந்த ரா யாரையும் கூப்பிடாது, தானாக வரும், தானாகப் போகும். தெலுங்கில் அதையே பேச்சின் கடைசியில் ஒட்டினால் நம்முடைய "டா" ஆகிவிடும். அதுவும் ஆண்பிள்ளைக்கு மட்டும்தான், பெண்பிள்ளைக்கு "வே". அதனால் நைனாவுக்கு "ரா", எனக்கு "ராவே". இப்போது என் லைன் வீட்டில் குடியிருக்கிற வடநாட்டுப் பையன்களிடமும் ஒரு ரா இருக்கிறது. மோட்டார் போடுடா என்று கூப்பிட்டால் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "ஆ ரா ஹூன், அம்மா" என்பான் ஒருவன். "வந்துகினு கீறேன்" என்று அர்த்தமாம். ஆக, அவர்கள் ரா நம்ம "கினு". தனியாக நிற்கத் தெரியாது, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று முட்டுக் கொடுக்க வேண்டும், பெண் சொன்னால் "ரீ" என்று மாறிக்கொள்ளும். அது யாரையும் ஏவாது என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பிரியம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள், நைனா பனைமர நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா களத்துமேட்டிலிருந்து "ஒரேய் முனுசாமி, ரா ரா!" என்றாள். நைனா சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். அந்த வீட்டு நாயும் எழுந்து ஓடியது. இரண்டு பேரும் ஒன்றாகப் போய் அவள் முன்னால் நின்றார்கள்.

"பாருங்கடி, ரெண்டும் வந்துட்ச்சி!" என்றாள்.

களத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். "உடும்மா, ஒரு எழுத்துல இன்னா கீது" என்றார் நைனா. இருக்கிற கோபமெல்லாம் அந்த எழுத்தில்தான் இருந்தது எனக்கு. இவளை ஒரு நாள் நிற்க வைத்துக் கேட்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, நடவு நாளுக்காகக் காத்திருந்தேன்.

நடவு நாளுக்கு ஏன் என்றால், அன்றைக்கு மட்டும் சட்டம் எங்கள் பக்கம். நடுகிற பெண்கள், வரப்பில் வருகிறவர் யாராக இருந்தாலும் காலுக்கு முன்னால் ஒரு கட்டு நாற்றை வைத்து மறிப்பார்கள். மறித்தவர் கேட்டதைக் கொடுக்காமல் அதைத் தாண்டக் கூடாது. "நாத்த தாண்டுனா வெளையாது" என்பார்கள் பெரியவர்கள். வழக்கமாக வெற்றிலை பாக்கு, ஒரு மரக்கால் நெல், அதோடு முடிந்துவிடும்.

அன்று வீட்டம்மா தாம்பாளத்தில் வெற்றிலையோடு நடு வரப்புக்கு வந்ததும், நான் ஓடிப்போய் நாற்றுக் கட்டை அவள் காலடியில் வைத்தேன். வெற்றிலையை நீட்டினாள். வாங்கவில்லை.

"எங்க நைனாவ மரியாதியா கூப்டு, வழி உடறேன்."

"ஏமி இதி? இன்னாடி இது, கன்னிம்மா?" என்று நடவுக்காரிகளின் தலைவியைப் பார்த்தாள்.

கன்னியம்மா இடுப்பை நிமிர்த்தி, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தாள். அவளும் அந்தக் களத்தில் சிரித்தவள்தான். என்ன தோன்றியதோ, "கொயந்த கேட்டுட்ச்சி, தாயி. குடுத்துட்டுப் போ" என்றாள்.

"நெல்லு தரேன். ரெண்டு மரக்கா தரேன்."

"நெல்லு வாணா தாயி. வாயில கீறத தானே கேக்குது, ஊட்ல கீறத கேக்கலியே!"

பெண்கள் ஒவ்வொருவராக வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பறித்த நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது, மறுநாள் ஏரித் தண்ணீரை அடுத்த ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் முழங்கால் சேறு, பின்னால் பெண்கள், முன்னால் நாற்று. எங்களுக்கோ நைனாவின் வேலையே போய்விடுமோ என்ற பயம். அம்மா தூரத்திலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் வீட்டம்மா, எதிர் மூலையில் பரம்படித்துக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்து, மென்று விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "முனுசாமிகாரு, ரண்டி."

நைனா திரும்பவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டே போனார்.

"காதுல உயல தாயி, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள் கன்னியம்மா.

"முனுசாமிகாரு! ரண்டி!"

அதற்கும் திரும்பவில்லை. அவள் முகம் சிவந்து, அடிவயிற்றிலிருந்து மூன்றாவது முறை கத்தியபோது பக்கத்து வயல்காரர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் நைனா மாட்டை நிறுத்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைபோல் நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு அவள் நைனாவை "ரா" என்றும் கூப்பிடவில்லை, "ரண்டி" என்றும் கூப்பிடவில்லை. அறுவடை முடிந்ததும் வேலையை விட்டே நிறுத்திவிட்டாள். நைனா சோழவரம் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார். அம்மா என்னைத் திட்டாத நாளில்லை. நைனா திட்டியதேயில்லை. சூளைப் புகையில் இருமிக்கொண்டிருந்தவரிடம் ஒரு நாள் பயந்து பயந்து கேட்டேன், அன்றைக்கு நிஜமாகவே காதில் விழவில்லையா என்று.

"மொத வாட்டியே உயந்துட்ச்சிம்மா. கேக்க நல்லா இருந்துச்சா, அதான் இன்னும் ரெண்டு வாட்டி கூப்டட்டும்னு போய்கினு இருந்தேன்."

வீட்டம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கருமாதிக்குப் போனேன், இரண்டு வடை கூடக் கேட்டு வாங்கித் தின்றேன். அந்த வயல் இப்போது ஏதோ கம்பெனி மதிலுக்குள் இருக்கிறது, நடவுமில்லை, மறிக்க வரப்புமில்லை. என் பேத்தி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே ஒரு சூப்பர்வைசர் இந்தப் பெண்களைக் கூப்பிட வாயே திறப்பதில்லையாம், விரலைச் சொடுக்குகிறானாம்.

"உடு ஆயா, அது ஒரு பேஜாரு" என்கிறாள் பேத்தி. விடுகிறேன், விடுகிறேன். அவன் பைக் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.